மாநில ரீஃபண்ட் வர ஐந்தரை மாதம்: ட்ராக்கரோடு குடும்பம் நடத்திய கதை

அமெரிக்காவில் இதுவரை ஒன்பது முறை வரிப் படிவம் தாக்கல் செய்திருக்கிறேன். முதல் நான்கு கலிஃபோர்னியாவில், பிறகு ஐந்து இப்போது இருக்கும் மாநிலத்தில். எந்த மாநிலம் என்பது வேண்டாம். ஒரு தடவை மாட்டிக்கொண்டதற்காகப் பெயரைச் சொல்லித் திட்டுவது நியாயமில்லை, அதில் என் தப்பும் பாதி இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே வரி இரண்டு தட்டு. மத்திய அரசுக்கு வசூலிப்பது ஐஆர்எஸ், அதற்கு மேல் மாநிலத்துக்குத் தனி. சம்பளத்தில் பிடித்தது கூடுதலாக இருந்தால் இரண்டு இடத்திலிருந்தும் தனித்தனியாகத் திரும்பி வரும். டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் உட்பட ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது. டாலஸில் இருக்கும் நண்பனிடம் என் கதையைச் சொல்லிப் புலம்பினால், "ஸ்டேட் ரீஃபண்டா? அப்படின்னா என்னடா?" என்பான். சரி, உன் வீட்டு வரி எவ்வளவு என்று கேட்டால் போனை வைத்துவிடுவான்.

ரீஃபண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ட்ராக்கர் பக்கங்களில் ஐஆர்எஸ்ஸின் 'வேர்ஸ் மை ரீஃபண்ட்' ரொம்ப எளிமை. சோஷியல் செக்யூரிட்டி எண், தாக்கல் வகை (தனியா, தம்பதியா), ரீஃபண்ட் தொகை மூன்றும் கொடுத்தால் போதும். படிவம் கிடைத்தது, ரீஃபண்ட் அங்கீகரிக்கப்பட்டது, அனுப்பியாச்சு என்று மூன்று கட்டம் காட்டும். பெரும்பாலும் 21 நாளுக்குள் முடிந்துவிடும். கலிஃபோர்னியாவின் வரித் துறையான ஃப்ரான்சைஸ் டாக்ஸ் போர்டு பக்கமும் எனக்குத் தொல்லை தந்ததில்லை. அங்கே கூடுதலாக வீட்டு எண்ணும் ஜிப் கோடும் கேட்பார்கள், அவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை, மத்தியப் படிவம், மாநிலப் படிவம் இரண்டையும் ஒரே உட்காரலில் ஈ-ஃபைல் செய்தேன். மாநிலத்திலிருந்து வரவேண்டியது 1,846 டாலர். ஐஆர்எஸ் பணம் பன்னிரண்டாம் நாள் வங்கிக்கு வந்துவிட்டது. மாநில ட்ராக்கரில் முதல் நாளே சறுக்கல். 'உங்கள் விவரம் எங்கள் பதிவோடு பொருந்தவில்லை' என்றது. மூன்று தடவை முயன்ற பிறகுதான் புரிந்தது, தொகையைச் சென்ட்டோடு அடித்திருந்தேன். முழு டாலராக, படிவத்தின் ரீஃபண்ட் வரியில் இருப்பதை அப்படியே போடவேண்டும். ஐஆர்எஸ் ரீஃபண்டையும் மாநில ரீஃபண்டையும் கூட்டிப் போட்டு 'படிவமே போகலையாம்' என்று பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் வந்தது ஒரே ஒரு வரி. 'உங்கள் படிவம் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது.' பிப்ரவரி முழுக்க அதுதான், மார்ச் முழுக்கவும் அதுதான். தமிழ் வாட்ஸ்அப் குழுவில் "எனக்கு வந்துருச்சு" என்று ஒவ்வொருவராகப் போட ஆரம்பித்தார்கள். எனக்குப் பிறகு தாக்கல் செய்தவருக்கும் வந்துவிட்டது. நான் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, கரண்ட் பில் வந்திருக்கு பாருங்கன்னா ஒரு வாரம் ஆகுது. இதை மட்டும் மணிக்கொரு தடவை பாக்குறீங்க" என்றாள் மனைவி. இப்படிப்பட்ட பக்கங்கள் அடிக்கடி மாறுவதில்லை. ஐஆர்எஸ் பக்கமே ஒரு நாளைக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவில்தான் புதுப்பிக்கப்படுகிறது. தெரிந்தும் பார்த்தேன்.

இன்னொரு தடவை தாக்கல் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை செய்யவில்லை. ஒரே வருடத்துக்கு இரண்டு படிவம் போனால் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

தாக்கல் கெடுவான ஏப்ரல் 15 தாண்டியதும் மாநில வரித் துறைக்குப் போன் செய்தேன். காலை எட்டு மணிக்குத் திறக்கும் லைனுக்கு எட்டு மணிக்கே அடித்தும் ஒரு மணி பத்து நிமிடம் காத்திருப்பு. ஒரே பியானோ துண்டு திரும்பத் திரும்ப. மகனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தபோதும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்த பெண்மணி நிதானமாகப் பேசினார். "மார்ச் 11 அன்று அடையாளச் சரிபார்ப்புக் கடிதம் அனுப்பினோமே, பதில் வரவில்லையே" என்றார். எந்த முகவரிக்கு என்று கேட்டேன். பழைய அபார்ட்மென்ட்.

என் தப்பு இங்கேதான். மார்ச் 1 அன்று வீடு மாறினோம். வங்கி, ஓட்டுநர் உரிமம், மகனின் பள்ளி, தபால் அலுவலகம் எல்லாவற்றிலும் முகவரி மாற்றினேன், மாநில வரித் துறையை மட்டும் மறந்துவிட்டேன். தபாலில் மாற்றியிருக்கிறோமே, தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் 'அனுப்பியவருக்கே திருப்பவும்' என்று உறையில் அச்சிட்டிருந்தால் தபால் துறை அதைப் புது முகவரிக்கு அனுப்பாது, திருப்பித்தான் அனுப்பும். வரித் துறைக் கடிதங்கள் பல இந்த வகை. என் கடிதம் போய், திரும்பி, அவர்கள் பக்கம் எங்கேயோ கிடந்திருக்கிறது. அத்தனை நாளும் ட்ராக்கர் 'பரிசீலனையில் உள்ளது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடிதம் அனுப்பினோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று அரை வரி போட்டிருந்தால் என் ஏப்ரல் மிச்சமாகியிருக்கும். எனக்குத் தீராத கோபம் இதில்தான்.

அதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. அதே துறையின் இணையதளத்தில் சொந்தக் கணக்கு திறக்கும் வசதி இருக்கிறது. திறந்தால் 'கடிதங்கள்' என்று ஒரு பகுதி, அதில் மார்ச் 11 கடிதம் பிடிஎஃப் ஆக உட்கார்ந்திருக்கிறது! ட்ராக்கரும் இந்தக் கணக்கும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. இத்தனை வருடமாக நான் வெறும் ட்ராக்கரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடிதத்தின் முதல் வரி: 'டியர் எஃப்என்யூ'.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது புரியும். என் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், அப்பா பெயர் வெறும் இனிஷியல். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்ததால் விசாவில் என் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று விழுந்துவிட்டது. படிவத்தில் நான் வழக்கமாக அப்பா பெயரையும் சேர்த்துத்தான் போடுவேன். அதுவரை வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டி ஆபீசில் தரும் டபிள்யூ-2 தாளிலும் அப்படியே வந்துகொண்டிருந்தது. 2023-இல் ஆபீசில் சம்பளக் கணக்கு பார்க்கும் நிறுவனத்தை மாற்றினார்கள், புது டபிள்யூ-2-இல் எஃப்என்யூ ஏறிவிட்டது. பெட்டி 17-இல் இருந்த மாநில வரிப் பிடித்தத் தொகை சரி, ஆள்தான் வேறு ஆள். யாரோ என் பெயரில் ரீஃபண்ட் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. திருட்டு ரீஃபண்டுகள் இங்கே பெரிய தலைவலி.

இணையத்தில் அடையாள வினாடிவினா ஒன்று வைத்தார்கள். பழைய முகவரி எது, எந்த வங்கியில் கார் கடன் என்று நான்கு கேள்வி. ஒன்றில் கோட்டை விட்டேன், நான் வாழாத தெருக்களையே நான்கு விடையாகக் கொடுத்தால் குழம்பாமல் என்ன செய்வது? பிறகு உரிமத்தின் இரு பக்கம், டபிள்யூ-2, வருடக் கடைசிச் சம்பளச் சீட்டு, புது வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மே 9 அன்று பதிவேற்றினேன். கூடவே பெயர்க் கதையை நான்கு வரியில் எழுதி இணைத்தேன்.

ஜூனில் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் மாநில ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பைத் தட்டி வங்கி விவரம் கொடுங்கள். அந்தக் காத்திருப்பில் விரல் கிட்டத்தட்டப் போய்விட்டது. வரித் துறை குறுஞ்செய்தியில் வங்கி எண் கேட்காது. அழித்தேன்.

ஜூலை நடுவில் ட்ராக்கர் ஒருவழியாக வாய் திறந்தது: 'காசோலை அனுப்பப்பட்டது'. வங்கிக் கணக்கு எண் கொடுத்தும் காசோலைதான். சந்தேகத்துக்குள்ளான படிவம் என்றால் சில இடங்களில் இப்படிச் செய்வதுண்டு. ஜூலை 26 வந்தது, வட்டி 31 டாலர் சேர்த்து. வட்டியை நான் தாக்கல் செய்த நாளிலிருந்து எண்ணவில்லை, ஏப்ரல் 15-இலிருந்துதான். அந்த 31 டாலரும் அடுத்த வருடம் வருமானத்தில் காட்டவேண்டியது. கூட்டுப் படிவம் என்பதால் காசோலை இருவர் பெயரிலும் இருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கிளைக்கே கொண்டுபோனோம். கவுன்ட்டரில் இருந்தவர் எஃப்என்யூவை எப்படி உச்சரிப்பது என்று மரியாதையாகக் கேட்டார்.

ஜனவரியில் 1099-ஜி என்று ஒரு படிவம் வந்தது, 1,846 டாலர் ரீஃபண்ட் என்று. இதைப் பார்த்து மறுபடி வரியா என்று பயப்படவேண்டாம். முந்தைய வருடம் கணக்குக் காட்டாமல் மொத்தமாகக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருந்தால் இது வருமானம் ஆகாது. 2023-க்கு நாங்கள் தம்பதியாக 27,700 டாலர் அப்படித்தான் எடுத்திருந்தோம். தனித்தனியாகக் கழிவு காட்டியவர்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

2025-இல் தாக்கல் செய்யும் முன்பே ஆபீசில் சொல்லி டபிள்யூ-2 பெயரைத் திருத்த வைத்தேன், கணக்கில் முகவரியைச் சரிபார்த்தேன், புதுக் கடிதம் வந்தால் மின்னஞ்சல் வரும்படி வைத்துக்கொண்டேன். பதினாறாம் நாள் பணம் வந்துவிட்டது. ட்ராக்கரை மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்தேன். பாஸ்போர்ட் புதுப்பித்தபோது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தாயிற்று. ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இன்னும் எஃப்என்யூதான்.