லேசர் டொப்ளரும் அந்த ஒரு திருகாணியும்

போன கிழமை பைபர் (ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை) நுனியைத் துடைத்துப் பூட்டிக் கை கழுவவில்லை, நண்பன் ஒருவன் போன் எடுத்தான். "மச்சான், நீ வைச்சிருக்கிற லேசர் டொப்ளர் எப்பிடி, எங்கட லாப்புக்கும் ஒண்டு எடுப்பமோ?" கேட்ட நேரத்தைப் பாருங்கள்.

தண்ணீர் ஓடும் வேகத்தை லேசர் ஒளியால் அளக்கும் இந்தக் கருவி ஐந்து வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. அளப்பதில் குறை சொல்லவே முடியாது. தொட்டிக்கு வெளியே, கற்றைகளை அனுப்பும் புரோப்பை வைத்துவிட்டால் ஓட்டத்துக்குள் எதையும் நுழைக்கத் தேவையில்லை, அளவுதிருத்தமும் இல்லை. இரண்டு லேசர் கற்றைகள் வெட்டுமிடத்தில் ஒளியும் இருளுமாக வரிகள் விழும், தண்ணீரோடு வரும் துகள் அவற்றைக் கடக்கையில் மினுங்கும், அந்த மினுக்கத்திலிருந்துதான் வேகம் தெரியும். சிவப்பு ஹீலியம்-நியோன் லேசர், கற்றைகளுக்கிடையே 10 பாகை என்றால் வரிக்கு வரி 3.6 மைக்ரோமீற்றர், செக்கனுக்கு 1 மீற்றர் ஓடும் துகள் ஏறக்குறைய 275 கிலோஹேட்ஸில் மினுங்கும். தட்டைக் கண்ணாடியூடாகத் தண்ணீருக்குள் போனாலும் அந்த இடைவெளி மாறாது, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். துகளும் கிணற்றுத் தண்ணீரிலேயே கிடைக்கிறது, குறைந்தால் இரண்டு துளி பால். கேத்திலில் படிகிற வெள்ளை தொட்டிக் கண்ணாடியிலும் படியும், தேசிக்காய்ப் பாதி தேய்த்தால் சரி.

ஆனால் அந்தத் திருகாணி! லேசரைப் புரோப்புக்குக் கொண்டுபோகும் ஒற்றைமுறை பைபரில் ஒளி போகும் உள்ளகம் 4 மைக்ரோமீற்றர் சொச்சம்தான், திருகாணியைத் திருப்பி அதற்குள் லேசரை இறக்க வேண்டும். காலையில் வடிவாக இறக்கி வைப்பேன். கரண்ட் போய் ஏசி நின்று அறை வெக்கையானால் பின்னேரம் ஒரு கற்றை மங்கிவிடும், வரிகள் வெளிறும், சிக்னல் பாதிக்கு விழும். மோசம் என்னவென்றால் எண்கள் வந்துகொண்டேயிருக்கும். நான் பார்க்காவிட்டால் யாருக்கும் தெரியாது. சோளகம் தூக்கும் புழுதி வேறு. அறையின் வெப்பநிலையைச் சீராக வைக்கச் சொல்லிக் கையேட்டில் போட்டிருக்கிறது, உண்மைதான், பழி முழுவதும் கருவியில் இல்லை. 1964இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யே, கம்மின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முதலில் இப்படி லேசரால் ஓட்டத்தை அளந்தபோது பைபரே கிடையாது, ஆடியையும் வில்லையையும் மேசையில் பரப்பித்தான் செய்தார்கள். சிலநேரம் பொறாமையாக இருக்கும்.

வாங்காதே என்று சொல்லிவிட்டேன். நேற்று தொட்டிக்குள் இருக்கும் படிக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி ஓடுவது சுத்தமான எதிர்க்குறியோடு வந்தது. ஒரு கற்றையின் அதிர்வெண்ணை 40 மெகாஹேட்ஸ் நகர்த்தி வைத்திருப்பதால்தான் திசை தெரிகிறது. அந்த வரைபை அவனுக்கு அனுப்பினேன். "அப்ப வாங்கட்டோ?" என்றான். வேண்டாம் மச்சான், முதலில் ஜெனரேற்றர் வாங்கு.