பிறப்புப் பதிவில் இரட்டை இனம்: சிங்கப்பூரின் சேவை எப்படி?

அப்பா தமிழர், அம்மா சீனர். பிள்ளைக்கு எந்த இனத்தை எழுதுவது? சிங்கப்பூரில் 2011 ஜனவரி முதல் இரண்டையும் சேர்த்தே எழுதலாம்: 'இந்தியர்-சீனர்' அல்லது 'சீனர்-இந்தியர்'. ஒன்றை மட்டும் எழுதவும் தடையில்லை.

பதிவு செய்வது சுலபம். சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாக லைஃப்எஸ்ஜி என்ற அரசாங்கச் சேவைத் தளத்தில் நுழைந்து, குழந்தை பிறந்த 42 நாளுக்குள் முடிக்க வேண்டும். மின்னிலக்கப் பிறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம் 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இந்தப் பகுதியில் குறை சொல்ல எதுவுமில்லை.

கவனம் தேவைப்படுவது வரிசையில். அப்பா இனம்தானே முன்னால் வரும் என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். பிள்ளை வளர்ந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்கும்போது, ஒவ்வோர் இனத்துக்கும் வீடுகளில் உச்சவரம்பு வைக்கும், 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை முதலில் உள்ள இனத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். 'இந்தியர்-சீனர்' என்றால் இந்தியர், மற்றவர் பிரிவு: உச்சவரம்பு புளோக்கில் (ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில்) 15 விழுக்காடு, பேட்டையில் (சுற்றுவட்டாரத்தில்) 12. 'சீனர்-இந்தியர்' என்றால் சீனர் பிரிவு: 87, 84. ஒரு புளோக்கில் இந்தியர் விகிதம் நிரம்பிவிட்டால், அங்கே மறுவிற்பனை வீட்டை அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்துதான் வாங்க முடியும். விற்கும்போதும் சிக்கல் வரும். சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் இந்தியராகப் பதிவான உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவதால் விலையும் இறங்கலாம்.

எங்கள் பார்வையில் இந்தச் சேவையின் பெருங்குறை இதுதான். அட்டையில் இரு பெற்றோருக்கும் இடம் கிடைக்கிறது, வீட்டுக் கணக்கிலோ இரண்டாவது இனம் காணாமல் போகிறது. இடமும் இரண்டுக்கு மட்டுமே. பெற்றோரே இரட்டை இனத்தவர் என்றால், பேரப்பிள்ளையின் பதிவில் ஒரு தாத்தாவின் அல்லது பாட்டியின் இனம் விடுபட்டுப் போகலாம். அந்த இழப்பு சின்னதல்ல.

பதிந்ததை மாற்ற வழியுண்டு: 21 வயதுக்கு முன் ஒரு முறை, அதன் பிறகு ஒரு முறை. முதல் வாய்ப்பை அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். 15 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது இனமும் அதில் அச்சாகும். அதற்கு முன்பே பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். தன்னை எப்படி அழைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதை அது சொல்லட்டும்.

தாய்மொழிப் பாடம் தனி முடிவு. 'இந்தியர்' என்று முன்னால் எழுதியதால் மட்டும் பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடாது. தொடக்கநிலை 1 பதிவின்போது தமிழா சீனமா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள், வீட்டில் யார் எந்த மொழியில் பேசப்போகிறார்கள் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொண்டு.