கராஜ் கதவு ஸ்ப்ரிங் மாற்ற ஆள் கூப்பிடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, அதிலும் ஃப்ரீமாண்ட், மில்பிடஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கராஜ் கதவு ரிப்பேர் என்று வந்த ஓர் ஆள் எங்களிடம் 1,150 டாலர் வாங்கிக்கொண்டு போனார். பணம் மட்டும் போயிருந்தால் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். முறுக்கேற்றிய ஸ்ப்ரிங்கை எங்கள் தலைக்கு மேலே அரைகுறையாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனம் இல்லை, அந்தப் பெயரே இப்போது தேடினால் கிடைப்பதில்லை.

எங்களுடையது இரண்டு கார் கராஜ். கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். ஒருநாள் ராத்திரி கராஜில் டமாரென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், கதவுக்கு மேலே இரும்புத் தண்டில் கோத்திருக்கும் இரண்டு ஸ்ப்ரிங்கில் ஒன்று நடுவில் அறுந்து, இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. பட்டனை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, கதவு அரை அடி எழும்பி நின்றுவிடுகிறது. இரண்டு காரும் உள்ளே. மறுநாள் காலையில் ஆபீஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

கதவை மோட்டார்தான் தூக்குகிறது என்று பலரும் நினைக்கிறோம். இல்லை. எங்கள் கதவு சுமார் 180 பவுண்டு, அதாவது 80 கிலோவுக்கும் மேல். அந்தப் பாரத்தைத் தாங்குவது ஸ்ப்ரிங். கதவு இறங்க இறங்க ஸ்ப்ரிங் முறுக்கிக்கொள்ளும், ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து இரண்டு பக்கக் கேபிளையும் தண்டின் நுனியில் இருக்கும் டிரம் என்னும் உருளையில் சுற்றி இழுக்கும். மோட்டார் வெறுமனே தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஆக, கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்ப்ரிங்கில் முறுக்கு உச்சத்தில் இருக்கும். நம் ஊர்க் கடை ஷட்டரின் உருளைக்குள்ளும் இதே வேலையைச் செய்யும் ஸ்ப்ரிங் உண்டு.

சரி, அந்த ஆளுக்கு வருவோம். தேடலில் முதலில் வந்தது ஒரு விளம்பரம்: வந்து பார்க்க 29 டாலர், அன்றைக்கே வேலை முடியும். போனை எடுத்தவரிடம் கடை எங்கே என்று கேட்டால், 'உங்கள் பக்கத்தில்தான்' என்பதைத் தாண்டி ஒரு தெருப் பெயர் வரவில்லை. காலையில் வேன் வந்தது. வெள்ளை வேன், மேலே ஓர் எழுத்துகூட இல்லை. வந்தவர் இரண்டு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு பட்டியல் போட்டார்: ஸ்ப்ரிங் இரண்டும், கேபிள் இரண்டும், டிரம், பேரிங், எல்லா ரோலரும் போய்விட்டன, மோட்டாரும் மாற்றணும். மொத்தம் 2,400 டாலர். மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கேட்டதற்கு, 'பேட்டரி இல்லாத மோட்டார் கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம்' என்றார்.

இது அரை உண்மை. 2017-ல் வட கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ வந்தபோது மின்சாரம் போய், கராஜ் கதவைத் திறக்க முடியாமல் பலர் தவித்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம், 2019 ஜூலை 1 முதல் புதிதாக விற்கும், மாட்டும் மோட்டாருக்கு பேட்டரி இருக்க வேண்டும் என்கிறது. முழுக் கதவையும் புதிதாக மாற்றினாலும் பழைய பேட்டரி இல்லாத மோட்டாரோடு அதை இணைக்கக்கூடாது. ஸ்ப்ரிங் மாற்றுவதற்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்ப்ரிங் ரிப்பேருக்கு வந்து இந்தச் சட்டத்தை எடுத்துவிடுகிறவரை அந்த இடத்திலேயே அனுப்பிவிடலாம்.

மோட்டார் வேண்டாம் என்றதும் பேரம் ஆரம்பித்தது. 2,400 என்றது 1,150-க்கு வந்து நின்றது. ஒரு ஸ்ப்ரிங் அறுந்தால் ஜோடியாக மாற்றுவது நியாயம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். சாதாரண ஸ்ப்ரிங்கின் ஆயுள் 10,000 தடவை திறந்து மூடுவது என்பது கணக்கு. தினமும் நான்கு தடவை என்றால் ஏழு வருஷம்கூட வராது. ஒன்று போனால் அதே வயதுள்ள மற்றதும் பின்னாலேயே போகும்.

ஆனால் அவர் வேலை செய்த விதம்தான் விஷயமே. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரைக் கூப்பிட்டு, 'கதவு எழும்பாமல் அடியில் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று நிற்க வைத்தார். அப்புறம் ஏணியில் ஏறி, ஸ்ப்ரிங்குக்கு நேர் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையில் இரும்புக் கம்பியும் மறு கையில் நீள ஸ்க்ரூடிரைவருமாக முறுக்க ஆரம்பித்தார்.

இந்த வேலைக்கென்றே முறுக்குக் கம்பி இருக்கிறது: அரை அங்குல தடிமன், 18 அங்குல நீளம், கெட்டி இரும்பு, இரண்டு வேண்டும். ஸ்ப்ரிங்கின் நுனியில் இருக்கும் கூம்பில் நான்கு துளைகள். ஒரு கம்பி துளையின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்து முறுக்கைத் தாங்க, மற்றதை அடுத்த துளையில் செருகிக் கால் சுற்று திருப்ப வேண்டும். 7 அடிக் கதவுக்கு இப்படி ஏறக்குறைய முப்பது கால் சுற்று. நடுவில் ஒரே ஒரு தடவை கம்பி நழுவினால் போதும், கூம்பு தன் முறுக்கையெல்லாம் ஒரு நொடியில் அவிழ்த்துக்கொள்ளும். துளையில் மாட்டியிருக்கும் கம்பியும் சேர்ந்து சுழலும், அது சுழலும் வட்டத்துக்குள் கை, தாடை, பல் எது இருந்தாலும் போச்சு. ஸ்க்ரூடிரைவர் துளையை விட ஒல்லி, லொடலொடவென்று ஆடும். அது நழுவாமல் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம், எங்களுடைய அதிர்ஷ்டமும்கூட. கதவைப் பிடிக்க ஆள் நிறுத்துவது அதைவிட மோசம். முறுக்கு கூடிவிட்டால் கதவு திடீரென்று மேலே கிளம்பும். அதைத் தடுக்க, ரோலர் ஓடும் தண்டவாளமான டிராக்கில், ரோலருக்கு மேலே ஒரு பூட்டுக் குறடு போட்டு இறுக்கிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை.

பணம் கொடுக்கும்போது கார்டு வேண்டாம், ஸெல் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் வசதி) மூலம் அனுப்புங்கள் என்றார். கையில் கொடுத்த காகிதத்தில் 'ஆயுள் முழுக்க வாரண்டி' என்று பெரிதாக இருந்தது. உரிம எண் எழுத வேண்டிய இடம் காலி.

சில வாரம் ஓடியது. கதவு பாதி ஏறியதும் தானாக விர்ரென்று மேலே போய் மோத ஆரம்பித்தது. பிறகு ஒரு சாயங்காலம் இடது பக்கக் கேபிள் டிரம்மிலிருந்து கழன்று, கதவு ஒரு பக்கம் சரிந்து சிக்கிக்கொண்டது. போன் பண்ணினால் முதலில் 'நாளைக்கு வருகிறோம்', அப்புறம் மணி மட்டும் அடித்தது, அதற்கப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

என் மாமனார் கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கை சும்மா இருக்காது. நான் உள்ளே போன் பேசிவிட்டு வருவதற்குள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவின் கீழ் மூலையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மூலையில் இருக்கும் பிராக்கெட்டில்தான் கேபிளின் நுனி கட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டால் கேபிளைத் திரும்பச் சுற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. போல்ட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு எச்சரிக்கைச் சீட்டைப் பார்த்து, 'மாமா, அதைத் தொடாதீங்க' என்றேன். 'ஏனுங்க மாப்பிள்ளை, ஒரு போல்ட்டைக் கழட்ட எனக்குத் தெரியாதுங்களா?' என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் பேச்சே இல்லை.

கதவு மூடியிருந்தாலும் அந்த பிராக்கெட் ஸ்ப்ரிங்கின் முழு இழுவையில் நிற்கிறது. போல்ட்டைத் தளர்த்தினால் பிராக்கெட், கேபிளோடு சேர்ந்து மேலே பாயும், வழியில் விரல் இருந்தால் அது பார்க்காது. அந்த போல்ட்டைத்தான் சிவப்பு வண்ணம் பூசியோ, சாதாரண ஸ்பேனருக்கு அடங்காத தலை வைத்தோ தயாரிப்பாளர்கள் அடையாளப்படுத்துகிறார்கள். ஸ்ப்ரிங் கூம்பு, நடுவில் அதைச் சுவரோடு பிடித்திருக்கும் பிராக்கெட், டிரம், கேபிள், இந்தக் கீழ் பிராக்கெட் ஆகிய எதையும் வீட்டில் இருப்பவர் தொடவே கூடாது. யூடியூபில் இருபது நிமிடத்தில் மாற்றிக் காட்டுகிறார்கள், உண்மை. வீடியோ எடுப்பவர் அதையே தினமும் செய்கிறவர். கீலுக்கும் ரோலருக்கும் எண்ணெய் விடுவதோடு நாம் நிறுத்திக்கொள்வது நல்லது.

பக்கத்துத் தெரு நண்பர் சொல்லி, உரிமம் உள்ள இன்னொருவர் வந்தார். வயதானவர், அதிகம் பேசவில்லை. முதலில் மோட்டார் பிளக்கைப் பிடுங்கினார், டிராக் இரண்டிலும் குறடு போட்டார், எங்களைக் கராஜை விட்டு வெளியே போகச் சொன்னார். முறுக்கை இறக்கிய பிறகுதான் கூப்பிட்டுக் காட்டினார். சுவரில் ஸ்ப்ரிங்கைத் தாங்கும் நடு பிராக்கெட்டுக்கு நீளத் திருகாணிகள் மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். முதலில் வந்த ஆள் பழையதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டியிருக்கிறார், ஒன்று மரத்தில், மற்றது வெறும் ட்ரைவாலில் (சுவரை மூடும் ஜிப்சம் பலகை). இடது டிரம்மின் ஸ்க்ரூ பாதிதான் இறுகியிருந்தது. கேபிள் கழன்றது அதனால். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்ப்ரிங்கே தப்பு.

ஸ்ப்ரிங்கில் இருபது சுருளை ஸ்கேல் வைத்து அளந்தார். எங்கள் கதவுக்கு வேண்டியது 0.234 அங்குலக் கம்பி. மாட்டியிருந்தது 0.218. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஸ்ப்ரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் படியில் மாறும். மற்ற அளவெல்லாம் அப்படியே இருக்க, இந்த ஒரு வித்தியாசத்தால் விறைப்பில் கால் பங்கு போய்விடுகிறது. அதை ஈடுகட்ட ஏழரைச் சுற்றுக்குப் பதில் பத்துச் சுற்று முறுக்கியிருக்கிறார் அந்த முதல் ஆள். கதவு மேலே போன பிறகும் முறுக்கு மிச்சம் இருந்ததால்தான் அது தானாகப் பாய்ந்தது. ஒல்லிக் கம்பியில் அதே பாரம் என்றால் 10,000 தடவைக்கு வெகு முன்பே அறுந்துவிடும். ஒருவேளை அவர் வேனில் அன்றைக்கு இருந்தது அந்த அளவு மட்டும்தானோ என்னவோ.

இரண்டாவது ஆள் வாங்கியது 500 டாலருக்கும் குறைவு, சரியான ஸ்ப்ரிங் இரண்டும் சேர்த்து.

போகும்போது அவர் சொல்லித்தந்த ஒரு சோதனையை இப்போது மாதாமாதம் செய்கிறேன். கதவை முழுக்க மூடிவிட்டு, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவித்து, அதைக் கையால் இடுப்பளவுக்குத் தூக்கி விட வேண்டும். அங்கேயே நின்றால் ஸ்ப்ரிங் சரி. கீழே விழப் பார்த்தாலும் மேலே ஓடினாலும் ஆளைக் கூப்பிட வேண்டும். கதவு திறந்திருக்கும்போது அந்தக் கயிற்றை இழுக்கவே கூடாது. ஸ்ப்ரிங் அறுந்திருந்தால் முழுக் கதவும் அப்படியே கீழே வரும். குறுக்கே ஆள் இருந்தால் கதவை நிறுத்த கீழே ஒளிக்கண் இருக்கிறதே, 1993-லிருந்து அமெரிக்காவில் புது மோட்டாருக்கு அதுவோ அதைப் போன்ற உணர்கருவியோ கட்டாயமாயிற்றே என்று கேட்பீர்கள். ஒளிக்கண் மோட்டாருக்குத்தான் உத்தரவு போடும். விழுகிற கதவை அது பிடிக்காது. பழைய வீடுகளில் ஸ்ப்ரிங் டிராக்குக்கு இணையாக இரண்டு பக்கமும் நீளவாக்கில் இருக்கும். அங்கே ஸ்ப்ரிங்குக்குள் ஒரு பாதுகாப்புக் கேபிள் ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அது இல்லையென்றால், அறுந்த துண்டு கராஜின் மறுகோடிக்குப் பறக்கும்.

கலிஃபோர்னியாவில் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் வேலைக்கு ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டும் (2024 கடைசி வரை 500 டாலர்). கராஜ் கதவுக்கான உரிமப் பிரிவு டி-28. போனிலேயே உரிம எண்ணைக் கேட்டு, சி.எஸ்.எல்.பி. என்னும் மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பெயரும் நிலவரமும் வந்துவிடும். எண் கேட்டதும் இழுக்கிறவரோடு பேச்சை நீட்ட வேண்டாம். என்ன கம்பி அளவு, எத்தனை தடவை ஆயுள் என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஒழுங்கான ஆள் யோசிக்காமல் எழுதித் தருவார். 'ஆயுள் வாரண்டி' என்பது பெரும்பாலும் ஸ்ப்ரிங்குக்கு மட்டும், கூலிக்குக் கிடையாது. கார்டில் பணம் கொடுத்தால் வங்கியில் சண்டை போடவாவது வழி இருக்கும். ஸெல்லில் நாமாக அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

வாரியத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். காகிதம், பணம் அனுப்பிய ரசீது, வேன் நம்பர் தெரியும் வாசல் கேமரா படம், தப்பாக மாட்டிய பிராக்கெட்டின் படம் எல்லாம் போயிருக்கிறது. கழற்றிய 0.218 ஸ்ப்ரிங் இரண்டையும் தூக்கிப்போடவில்லை. இதே மாதிரி பெயரில்லாத வெள்ளை வேன், 29 டாலர் விளம்பரம், உரிம எண் இல்லாத காகிதம் என்று யாருக்காவது நடந்திருந்தால் நீங்களும் தனியாக ஒரு புகார் போடுங்கள். ஒரே ஆளின் மேல் நாலு புகார் போனால்தான் விசாரணை நகரும் என்று நண்பர் சொல்கிறார்.