விரல் போனபின் ஈ.எஸ்.ஐ. என்ன தருகிறது? ஓசூரிலிருந்து ஒரு மதிப்பீடு

ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் என்றால் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும் இடம் என்றே நம் பக்கத்துத் தொழிலாளர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வேலையில் அடிபட்டவருக்கு அது அளிக்கும் ஊனப் பயன்தான் அத்திட்டத்தின் மிகப் பெரிய பலம் என்பதை என் சித்தி மகனுக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டேன்.

பாலக்கோட்டிலிருந்து வந்து ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய, உலோகத் தகடுகளைப் பிரஸ் இயந்திரத்தில் அழுத்தி வடிவமைக்கும் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் முறையில் அவன் வேலை பார்த்தான். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட இரு பொத்தான்களில் ஒன்றை, உற்பத்தி எண்ணிக்கை கூடும் என்று டேப் ஒட்டி அழுத்தியபடியே விட்டிருந்தார்கள். டையில் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சில்) மாட்டிய தகட்டை எடுக்கப் போன வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன.

மருத்துவமனையில் காண்ட்ராக்டரின் ஆள் முந்திக்கொண்டு, வீட்டில் கிரைண்டரில் கை மாட்டியதாகச் சொன்னார். செவிலியர் அவரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, "நீ சொல்லுப்பா, எங்கே அடிபட்டது?" என்று தம்பியிடமே கேட்டார். பிரஸ்ஸில் என்று அவன் சொன்னதும், ஷிப்டு நேரத்தோடு அப்படியே பதிவேட்டில் எழுதினார். நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பாமல் இழுத்தடித்தபோது எங்களுக்குத் துணை நின்றது அந்த ஒரு வரிதான். விபத்து வேலையில் நடந்தது என்று நிறுவாவிட்டால் இத்திட்டத்தின் ஊனப் பயன் கைக்கு வராது என்பதால், அறிக்கை அனுப்பியாயிற்றா என்று முதல் நாளே வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

அதைத் தாண்டிவிட்டால் திட்டம் உண்மையிலேயே தாராளமானது. வேலை விபத்து என்றால், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டாலும் உரிமை உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளியுடையது, அதாவது காண்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனத்துடையது. காயம் ஆறி வேலைக்குத் திரும்பும்வரை சராசரி நாள் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கிறது. அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

நிரந்தர ஊனத்தை மருத்துவக் குழு மதிப்பிடுகிறது. சட்டத்தின் அட்டவணைப்படி, கட்டைவிரல் முழுதும் போனால் 30 விழுக்காடு, ஒரே கையில் இரண்டு விரல்கள் போனால் 20 விழுக்காடு. நாள் கூலி 500 ரூபாய் என்றால் அதன் 90 விழுக்காடான 450 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு 90 ரூபாய், ஆயுள் முழுவதும் வரும். வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது. "செட்டில்மெண்டாக ஐம்பதாயிரம் வாங்கிக்கொள், விஷயத்தை முடித்துவிடலாம்" என்று சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் காண்ட்ராக்டர்களிடம் ஏமாறுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 2,700 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கூட முடியாமலே அந்தத் தொகை கைக்கு வந்துவிடும்.

என் மனம் ஒப்பாதது அந்த அட்டவணையைத்தான். அது விரலை எண்ணுகிறதே தவிர, தொழிலைப் பார்ப்பதில்லை. டை செட் செய்யக் கற்றுக்கொண்டிருந்தவனுக்கு வலது கையில் அந்த இரு விரல்கள் இல்லையென்றால் ஸ்பேனரே பிடிபடாது. தொழிலே போன இழப்பை 20 விழுக்காடு என்று எப்படி ஏற்க முடியும்? கூலி வரம்பும் மாதம் 21,000 ரூபாயிலேயே 2017 முதல் நிற்கிறது. ஓவர்டைம் நீங்கலாக அதற்கு மேல் சம்பளம் வாங்கத் தொடங்கியவர்கள் திட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். அவர்கள் இழப்பீட்டை முதலாளியிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

மருத்துவக் குழுவின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். தம்பிக்கு மோதிர விரலும் மடங்காமல் விறைத்து நிற்கிறது. அதையும் சேர்த்து மதிப்பிடக் கோரி மேல்முறையீட்டு மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.