ஓடா, தகடா? வரிசை வீட்டுக் கூரையை மாற்றுமுன் போட வேண்டிய கணக்கு

கோலாலம்பூர் செதாப்பாக்கில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் பழைய கான்கிரீட் ஓட்டுக் கூரையை மாற்றுவதற்காக இரண்டு குத்தகையாளர்களிடம் விலை கேட்டிருந்தோம். ஒரே வகை உலோகத் தகட்டுக்கு ஒருவர் சதுர அடிக்கு 16 ரிங்கிட் என்றும் மற்றவர் 14 ரிங்கிட் என்றும் எழுதிக் கொடுத்தனர். பின்னவரே மலிவு என்று வீட்டில் முடிவே ஆகிவிட்டது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் முன்னவர் 900 சதுர அடிக்கும் பின்னவர் 1,040 சதுர அடிக்கும் கணக்கிட்டிருப்பது கண்ணில் பட்டது. மொத்தம் முறையே 14,400, 14,560 ரிங்கிட். முன்னவர் தரையில் நின்றபடி வீட்டின் நீள அகலத்தைப் பெருக்கியிருந்தார். பின்னவர் கூரையின் சரிவை அளந்திருந்தார். அளவு ஒன்றாகாதவரை எந்தக் கூரையையும் எந்தக் கூரையோடும் ஒப்பிட முடியாது.

20 அடி அகலமும் 45 அடி ஆழமும் கொண்ட வீட்டின் தரைப்பரப்பு 900 சதுர அடி. கூரையின் சாய்வு 25 பாகையானால் அந்தத் தரைப்பரப்பை 1.10ஆலும், 30 பாகையானால் 1.155ஆலும் பெருக்க வேண்டும். எங்கள் வீடு 30 பாகை என்பதால் ஏறத்தாழ 1,040 சதுர அடி, அதாவது 97 சதுர மீட்டர் வருகிறது. இறவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, சுவருக்கு வெளியே நீண்டிருந்தால் அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பரப்புக்கு வழக்கமான கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 10 வேண்டும். உடைவதற்கும் வெட்டுவதற்கும் 5 விழுக்காடு சேர்த்தால் 1,020 ஓடுகள் ஆகும். முகட்டு ஓடுகள் மீட்டருக்கு மூன்று வீதம் 18 அல்லது 20 போதும். ஓட்டைத் தாங்கும் ரீப்பர்களை ஏறத்தாழ 32 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடித்தால், ஒரு சரிவுக்கு 25 வரிசை வீதம் இரு சரிவுக்கும் சேர்த்து 1,000 அடி மரம் தேவைப்படும். களிமண் ஓடு அளவில் சிறியது. வகையைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு 14 முதல் 16 வரை வேண்டியிருப்பதால் எண்ணிக்கை 1,500ஐ ஒட்டிப் போகும், அடுக்கும் கூலியும் அதற்கேற்பக் கூடும். ஆனால் சூளையில் வெந்த அதன் நிறம் மங்காது. கான்கிரீட் ஓட்டின் மேற்பூச்சோ சில ஆண்டு வெயிலிலும் மழையிலும் வெளிறிப் பாசி பிடித்துவிடுகிறது.

தகட்டுக் கணக்கு எளிது. 762 மில்லிமீட்டர் அகலத்தை மூடும் தகடு 20 அடி அகலத்துக்குச் சரியாக எட்டு வேண்டும். முகட்டிலிருந்து இறவாணம் வரை ஒரே நீளமாக 26 அடிக்கு வெட்டித் தரச் சொன்னால் இரு சரிவுக்கும் 16 தகடுகள். நடுவில் ஒட்டே வராது. இங்கே கவனிக்க வேண்டியது கனம். 0.48 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் அது வண்ணமும் பூச்சும் சேர்த்த கனமா, வெறும் எஃகின் கனமா என்று கேட்டே ஆக வேண்டும். மொத்தம் 0.48 என்றால் உள்ளிருக்கும் எஃகு பெரும்பாலும் 0.42தான். அலுமினிய-துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம் உண்டா என்பதும் தாளில் இருக்க வேண்டும். பினாங்கில் கடற்கரையை ஒட்டிய தஞ்சோங் தோக்கோங் போன்ற இடங்களில் உப்புக் காற்று தகட்டை அரிக்கும் என்பதால் அங்கே எனக்கு ஓடே மேல் என்று தோன்றுகிறது.

உண்மையான போட்டி எடையில் இருக்கிறது. கான்கிரீட் ஓடு ஒன்று நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். 1,000 ஓடுகள் என்றால் நான்கு டன்னைத் தாண்டும். தகடோ மொத்தமும் அரை டன்னுக்குள் அடங்கிவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மேலே போடுவதை அல்ல, அதைச் சுமக்கும் சட்டத்தை. உட்கூரையில் ஒரு பலகையை அகற்றிவிட்டு மேலே ஏறிப் பார்த்தோம். சுவரை ஒட்டிய கைமரத்தின் முனையில் திருப்புளியை அழுத்தியதும் அது பிடிவரை உள்ளே போய்விட்டது; வெளியே இழுத்தபோது கறையான் மண்ணும் சேர்ந்து உதிர்ந்தது. விலைத்தாள் இரண்டிலும் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மரம் உறுதியாக இருந்தால் ஓட்டைப் பிரித்து, புது ரீப்பர் அடித்து, கீழே அலுமினியப் படலம் விரித்து மறுபடியும் ஓட்டையே போடுவேன். மரம் கெட்டிருந்தால் துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டமும் தகடும் ஒன்றாகப் போவதே முறை. பழைய மரத்தின் மேல் தகட்டை மட்டும் போடுவது மூன்றிலும் மலிவானது. ஆனால் நான்கு டன் பாரம் இறங்கிய பிறகு கூரையைக் கீழே அழுத்திப் பிடிக்க ஒன்றும் இராது. புயல்மழைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சும்போது சட்டமே சுவரிலிருந்து பெயரலாம். சட்டத்தைச் சுவரோடு உலோகப் பட்டையால் கட்டும் செலவும் அதில் சேர வேண்டும்.

வெப்பத்தில் தகடு பகலில் விரைவாகச் சூடேறி, வெயில் தாழ்ந்ததும் விரைவாகக் குளிரும். ஓடு மெதுவாகச் சூடேறி, இரவில் அறைக்குள் வெப்பத்தை விடும். கீழே ராக்வூல் எனும் கனிமப் பஞ்சை விரிக்காத தகட்டின் அடியில் மாலை மழையில் தொலைபேசியில் பேசவும் முடியாது. ராக்வூலைத் தகட்டு விலையோடு கூட்டியே ஒப்பிட வேண்டும்.

பினாங்கில் கணக்கே வேறு. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுன் பகுதியில், லிட்டில் இந்தியாவும் அதற்குள் அடக்கம், பழைய கடைவீட்டுக்குத் தகடு ஒரு தெரிவாகவே வராது. மாநகர் மன்றத்தின் அனுமதியோடு களிமண் ஓடுதான். பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் எந்த ஊரிலும் அதை உடைக்கவோ அறுக்கவோ விடாமல், பாதுகாப்பாகக் கழற்றி அப்புறப்படுத்தும் செலவைத் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும்.

கடைசியாக எங்களை இழுத்தடித்தது பக்கத்து வீட்டுக் கூரை. வரிசை வீட்டில் ஓடு நம் சுவரோடு நின்றுவிடுவதில்லை. நாம் தகட்டுக்கு மாறினால் பக்கத்து ஓட்டுக்கும் நம் தகட்டுக்கும் உயரம் ஒத்துப்போகாது. ஒழுகல் தொடங்குவது ஒவ்வொரு சரிவிலும் உள்ள அந்த 26 அடி நீள இணைப்பில்தான். அங்கே வளைத்த தடுப்புத் தகடு வைத்து, பக்கத்து வீட்டில் உடையும் ஓட்டையும் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுங்கள் என்று இருவரிடமும் கேட்டோம். ஒருவர் விலையோடு தனி வரியாகச் சேர்த்துத் தந்தார். மற்றவர், “அதெல்லாம் வேலை நடக்கும்போது பார்த்துக்கலாம், அண்ணே” என்றார். வேலையை எழுதித் தந்தவரிடமே கொடுத்தோம்.