செம்மண்ணா கரிசலா, வேருக்கு எது தண்ணி குடுக்கும்?

கரிசல் தண்ணிய புடிச்சு வைக்கும், செம்மண்ணுல ஊத்துனா கீழ போயிரும்னு எல்லாரும் சொல்றதுதான், அது சரியும்கூட. ஆனா மண்ணுல எவ்வளவு தண்ணி இருக்குங்கறது வேற, அதுல வேரால எவ்வளவு எடுக்க முடியும்ங்கறது வேற.

வேர் நுனிக்குக் கொஞ்சம் பின்னாடி இருக்குற வேர்த்தூவிங்கதான் தண்ணிய அதிகமா எடுக்குது. பகல்ல இலையில இருந்து தண்ணி ஆவியாப் போகப்போக தண்டு வழியா வேர் வரைக்கும் ஒரு இழுவை வருது பாருங்க, அது மண்ணோட பிடியை ஜெயிக்கணும். அந்தப் பிடி சுமாரா 15 பார் (பார்ங்கறது அழுத்தத்தை அளக்குற அலகு) தாண்டிருச்சுன்னா பெரும்பாலான பயிருக்கு முடியாது, ராத்திரி ஆனாலும் வாடுன இலை நிமிராது.

இப்ப கணக்கு பாருங்க. கரிசல் மாதிரி களிமண் 100 லிட்டர் எடுத்தா சுமாரா 40 லிட்டர் தண்ணி வச்சிருக்கும், ஆனா அதுல பாதிக்கு மேல வேருக்குக் கிடைக்கவே கிடைக்காது, துகள் அவ்வளவு நைசு, அப்படி ஒட்டிப் புடிச்சுக்கும். மணல் கலந்த செம்மண் அதே அளவுக்கு 18 லிட்டர்தான் வைக்கும், அதுல 10 லிட்டர் கிட்ட குடுத்துரும். அதனாலதான் கரிசல கையில எடுத்தா ஈரமா இருக்கு, செடி மட்டும் வாடி நிக்குது.

கரிசல்ல இன்னொரு தொல்லை, மழைத்தண்ணி தேங்குனா வேருக்குக் காத்து போகாது, காத்து இல்லைன்னா வேர் தண்ணி எடுக்குறதே குறைஞ்சிரும், தண்ணிக்குள்ள நின்னுகிட்டே செடி துவளும், அதைப் பாத்து மேல மேல தண்ணி விடுறவங்கள நினைச்சா வருத்தமா இருக்கு. கோடையில வெடிப்பு விட்டா சின்ன வேரெல்லாம் அறுந்துரும், உள் ஈரமும் வெடிப்பு வழியாப் போயிரும், மேல லேசா கொத்தி விட்டா கொஞ்சம் நிக்கும்.

இருந்தாலும் மானாவாரின்னா என் ஓட்டு கரிசலுக்குத்தான். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் வடகிழக்குப் பருவமழைய நம்பி விதைக்குற உளுந்து, சோளம் எல்லாம் மழை நின்னப்புறம் ஆழத்துல இருக்குற ஈரத்துலதான் வெளையுது, செம்மண்ணுல அது கஷ்டம். கிணறோ போரோ இருக்கு, இல்ல மாடித்தொட்டின்னா செம்மண்ணே போதும், தொழு உரம் நிறைய கலந்து தண்ணிய கம்மியா அடிக்கடி குடுங்க.

ரெண்டுலயும் காஞ்ச மண்ணுல உரம் போடாதீங்க. உப்பு கூடிருச்சுன்னா இருக்குற தண்ணியையும் வேரால எடுக்க முடியாது.