அடையாறு பூங்கா – குப்பைமேடா பாத்த கண்ணுக்கு இது ரொம்ப பெரிய விஷயம்

அஞ்சு ஸ்டார் குடுத்துட்டேன், ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன். போர்டுல தொல்காப்பியப் பூங்கான்னு இருக்கும், ஏரியாகாரங்க அடையாறு பூங்கான்னுதான் சொல்வோம். நான் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துல வளந்தவன். இப்ப பூங்காவா இருக்கற இந்த 58 ஏக்கரும் அப்ப எங்களுக்கு குப்பைமேடுதான், இடிச்ச கட்டடத்து கழிவை கொண்டுவந்து கொட்டுவாங்க, மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம், அந்த பக்கம் பஸ்ல போறப்ப மூக்கை பொத்திக்குவோம். 90கள்ல இந்த இடத்துல கட்டடம் வரக்கூடாதுன்னு கோர்ட் வரைக்கும் போய் நின்ன ஜனங்களை நெனச்சா இப்ப கையெடுத்து கும்பிடணும்னு தோணுது.

2011 ஜனவரில திறந்தாங்க. வேலை பாத்ததுல ஆரோவில்ல இருக்கற பிச்சாண்டிக்குளம் காடுங்கற அமைப்போட ஆளுங்களுக்கும் பங்கு உண்டு, அவங்க பொட்டல் செம்மண்ல காடு வளத்து காமிச்சவங்க. எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, மரம் நடறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி பண்ணிருக்காங்க. கொட்டின கழிவை அள்ளி, தூந்து போன இடத்தை தோண்டி, அடையாறு கடல்ல சேர்ற கழிமுகத்து தண்ணி உள்ள வர்ற மாதிரி விட்டுட்டு அதுக்கப்புறம்தான் கன்னு. சீமைக்கருவேலத்தை வெட்டி மட்டும் விட்டா மறுபடி தழைஞ்சுரும், வேரோட புடுங்கணும், லேசான வேலை இல்ல அது. உப்புத்தண்ணி வந்து போற சேத்துல அலையாத்தி நிக்குது, அதோட மூச்சு வேருங்க பென்சில் நட்டு வெச்ச மாதிரி தரைல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கும், சுத்தி நண்டு வளை. மீன் தானா வந்துச்சு, மீன் பின்னாடியே நாரையும் மீன்கொத்தியும் வந்துச்சு, அதையெல்லாம் யாரும் கொண்டுவந்து விடல.

ஒண்ணு சொல்லிடறேன், வானத்தை தொடற மரம்லாம் எதிர்பாத்து போகாதீங்க. நம்ம கடற்கரைக்காடே குட்டையாதான் இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வாழ்ற காடு, மிச்ச மாசம் காய்ஞ்சாலும் இலையை உதிர்க்காது, அதனால இலை சின்னதா தோல் மாதிரி கெட்டியா இருக்கும், வளர்றதும் ரொம்ப நிதானம். இது தெரியாம வந்தவர் ஒருத்தர் வெறும் புதர்தானேன்னு சொல்லிட்டு போனார், எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

அம்மாவை கூட்டிட்டு போனேன், முட்டி வலி, மெதுவாதான் நடந்தாங்க. நுணா மரத்தை பாத்ததும் அப்படியே நின்னுட்டாங்க. சின்ன புள்ளைல நுணாக்காய்ல குச்சி குத்தி தேர் செஞ்சு இழுப்பாங்களாம், கல்யாணமாகி மெட்ராஸ் வந்ததுல இருந்து இந்த மரத்தை பாத்ததே இல்லடா தம்பின்னு சொன்னாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. இலையை தொட்டு தொட்டு பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் அங்கயே நின்னோம்.

குறைன்னா, வெயில் காலத்துல ஆத்து வாய்ல மணல் மேடு போட்டு அடைச்சுக்கும், அப்ப கடல் தண்ணி சரியா ஏறி இறங்காது, கொஞ்சம் நாத்தம் இருக்கும். ஆத்துல சாக்கடை கலக்கறது நிக்கற வரைக்கும் உள்ள எவ்ளோ பாடுபட்டாலும் இது முழுசா போகாது. பத்து மணிக்கு மேல வெயில் கொளுத்தும், சாயங்காலம் கொசு. அதனால காலைலயே போயிருங்க, திறக்கற நேரம் என்னன்னு கேட்டுக்கிட்டு போங்க, தண்ணி பாட்டிலை உள்ள போட்டுட்டு வராதீங்க ப்ளீஸ், செல்ஃபிக்காக செடிக்குள்ள இறங்காதீங்க.

பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துக்கோங்க, அக்கரைல உக்காந்திருந்தது கூழைக்கடாவா வேற எதாவதான்னு எங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியல. மழை முடிஞ்சு தை மாசம் வலசைப் பறவைங்க இருக்கறப்ப மறுபடி போறோம், அக்கா பசங்களுக்கு நுணாக்காய் தேர் செஞ்சு தர்றேன்னு அம்மா இப்பவே சொல்லி வெச்சிருக்காங்க, காய் மட்டும் ஊர்ல இருந்து வரணும், பூங்கால பறிக்க மாட்டோம்.